புற்றுநோயாளியின் சிறுநீரகத்தில் புதிதாக ஓர் இடம் தெரிந்தால்: சி.டி. படத்தைப் படிக்கும் முறை

நுரையீரல் புற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய தொடர் பரிசோதனை சி.டி. திரையில் இருக்கிறது. மார்பு, கல்லீரல், அட்ரீனல் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இடது சிறுநீரகத்தின் வெளி ஓரத்தில், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, 11 மில்லிமீட்டர் அளவில் மங்கலாக ஓர் இடம் தெரிகிறது. அதன் விளிம்பு தெளிவாக இல்லை. சிறுநீரகத்தின் வெளிக்கோடு அந்த இடத்தில் புடைக்கவும் இல்லை. போன முறை அறிக்கையில் "இரு சிறுநீரகங்களும் இயல்பாக உள்ளன" என்று ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கிறது. நுரையீரல் புற்று சிறுநீரகத்துக்குப் பரவியதா, வேறு ஏதாவதா? இப்போது என்ன எழுதுவது?

கதிரியல் முதுநிலை மாணவர்களையும், இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டியிருக்கும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, படம் எந்த நொடியில் எடுக்கப்பட்டது, பழைய படத்தில் இதே இடம் எப்படி இருந்தது, முதன்மைப் புற்று (உடலில் முதலில் தோன்றிய புற்று) இப்போது அடங்கியிருக்கிறதா பெருகிக்கொண்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமலே முடிவுக்கு வந்துவிடும்போதுதான் இந்த இடத்தில் தவறு நேர்கிறது. தோற்றத்தைப் பற்றிய நுணுக்கங்கள் அதற்கு அடுத்தபடிதான்.

பரவிய புற்று சிறுநீரகத்துக்கு ஏன் வருகிறது

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்த ரத்தம் கார்டெக்ஸில் (சிறுநீரகத்தின் வெளி அடுக்கில்) உள்ள குளோமெருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சுகள் வழியாக வடிகட்டப்படுவதால், ரத்தத்தில் மிதந்து வரும் புற்றுச் செல்கள் அங்கே தங்கிவிட வாய்ப்பு உண்டு. பரவிய புற்று பெரும்பாலும் கார்டெக்ஸில், சிறியதாக, பல இடங்களில், இரு பக்கமும் தென்படுவதற்குக் காரணம் இதுதான். புற்றுநோயால் இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வில் இது அடிக்கடி காணப்பட்டாலும், உயிரோடு இருக்கும்போது நோயாளிக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு விலாவில் வலி, சிலருக்குச் சிறுநீரில் ரத்தம், அவ்வளவுதான். ஆகவே வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யில் தற்செயலாகத்தான் இது கண்ணில் படுகிறது.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நுரையீரல்தான் முதலிடம். மார்பகம், பெருங்குடல், இரைப்பை, மெலனோமா (தோலின் நிறமிச் செல் புற்று), தைராய்டு, தலை கழுத்துப் பகுதிப் புற்றுகள் அடுத்து வருகின்றன. ஒரு சிறுநீரகத்தைப் புற்றுக்காக எடுத்துவிட்டவருக்கு மற்றச் சிறுநீரகத்திலும் வரலாம். அது பரவியதா, அங்கேயே தோன்றிய இரண்டாவது புற்றா என்பது தனிச் சிக்கல்.

படம் எடுக்கும் நேரம்

புற்றுநோய்த் தொடர் பரிசோதனைக்கு வழக்கமாக எடுக்கப்படுவது கான்ட்ராஸ்ட் (ரத்தத்தில் செலுத்தும் மருந்து; அது ஏறிய இடம் படத்தில் வெளுத்துத் தெரியும்) செலுத்தி ஏறக்குறைய 70 நொடிகள் கழித்து எடுக்கும் போர்ட்டல் கட்டப் படம். கல்லீரலுக்கு அது ஏற்ற நேரம். சிறுநீரகத்துக்கு அது இரண்டுங்கெட்டான் நேரம். வயதானவர்களிடமும், இதயம் மெதுவாக இயங்குபவர்களிடமும் அந்த நொடியில் கார்டெக்ஸ் வெளுத்திருக்கும், மெடுல்லா என்னும் உள் அடுக்கு இன்னும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் ஒரு சிறிய கட்டி ஒளிந்துகொள்ளலாம். அதேபோல், கட்டியே இல்லாத மெடுல்லாவைக் கட்டி என்று நினைக்கவும் இடமுண்டு.

சிறுநீரகத்தில் சந்தேகம் வந்து, அதற்கென்றே மறுபடியும் படம் எடுப்பதாக இருந்தால் நான் கேட்பது இவை. முதலில் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு படம்; இது இல்லாவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த அளவீட்டையும் ஒப்பிட வழியில்லை. அடுத்து 90 முதல் 100 நொடியில் நெஃப்ரோகிராஃபிக் கட்டம். அந்த நேரத்தில் கார்டெக்ஸும் மெடுல்லாவும் ஒரே சீராக வெளுத்திருக்கும். ரத்த ஓட்டம் குறைந்த கட்டி அந்த வெளுப்பில் கறைபோலத் தனித்துத் தெரியும். சிறிய பரவல்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கட்டம் இல்லை. 30 முதல் 40 நொடியில் எடுக்கும் கார்ட்டிகோமெடுல்லரி கட்டத்தை எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. முதன்மைப் புற்று தைராய்டாகவோ சிறுநீரகமாகவோ இருந்து, ரத்த ஓட்டம் மிகுந்த கட்டியை எதிர்பார்த்தால் மட்டும் எடுத்தால் போதும். சிறுநீர் சேரும் பெல்விஸ் பகுதியில் சந்தேகம் இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து ஒரு படம் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டமும் கூடுதல் கதிர்வீச்சு என்பதால், எல்லாக் கட்டங்களையும் எல்லோருக்கும் எடுக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. படத்துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 5 மில்லிமீட்டர் துண்டில் 7 மில்லிமீட்டர் கட்டியை அளப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அளப்பதுபோல.

கான்ட்ராஸ்டுக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. புற்றுநோயாளியிடம் எந்தத் தேதியின் கிரியாட்டினின் என்பதையும் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து ஏறிய பிறகு சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கலாம்; ஆகவே கீமோ தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி "நார்மல்தான் சார்" என்று சொன்னால் அதை ஏற்கக்கூடாது. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் சிறுநீரக மருத்துவரிடம் கலந்து பேசிய பிறகே கான்ட்ராஸ்ட் பற்றி முடிவெடுப்பது நல்லது. மைக்ரோபபிள் (நுண்குமிழி) கான்ட்ராஸ்ட் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் அந்தக் குமிழிகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை.

பெட் ஸ்கேன் எடுத்தாயிற்றே, அதில் சிறுநீரகத்தில் ஒன்றும் ஒளிரவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பயன்படும் எஃப்.டி.ஜி. மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் எப்போதும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும். சின்னக் கட்டி அந்த ஒளியில் காணாமல் போகும். பெட் படத்தோடு சேர்ந்து வரும் சி.டி. பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் இல்லாதது என்பதால் அதிலும் கட்டி சிக்காது.

கண்ணுக்கு முதலில் சரியான விண்டோ

வயிற்றுக்கான வழக்கமான விண்டோவில் (திரையில் கறுப்பு வெள்ளை எல்லைகளை அமைக்கும் முறையில்) சிறுநீரகங்கள் இரண்டும் வெள்ளைப் பூசணிபோல் தெரியும். அதில் சிறு பரவல்கள் தப்பிவிடும். அகலத்தைப் பாதியாகக் குறைத்து, மையத்தைச் சிறுநீரகத்தின் வெளுப்புக்கு ஏற்ப உயர்த்தி, ஒவ்வொரு சிறுநீரகத்தையும் தனித்தனியாக மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். பிறகு கரோனல் தளத்தில் (உடலை முன்னிருந்து பார்ப்பதுபோல்) ஒருமுறை. மேல்முனையும் கீழ்முனையும் அச்சுத் தளத்தில் (உடலைக் குறுக்கே வெட்டியதுபோல் பார்க்கும் படத்தில்) ஓரிரு துண்டுகளில் முடிந்துவிடுவதால், அங்கே இருப்பது கரோனலில்தான் தெளிவாகத் தெரியும்.

அடர்த்தியை அளப்பது

பார்த்த இடம் நீர்க்கட்டியா, திசுக்கட்டியா என்பதே முதல் கேள்வி. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் ஒரே சீராக, சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் 20-க்குள் இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. 70 அல்லது அதற்கு மேல் சீராக இருந்தால் ரத்தமோ புரதமோ கலந்த நீர்க்கட்டி. இடைப்பட்ட 20-லிருந்து 70 வரை உள்ள எல்லைதான் ஆபத்தானது. பரவிய கட்டிகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் அளந்து 20 அலகுக்கு மேல் கூடியிருந்தால் ரத்த ஓட்டம் உள்ள திசு என்று கொள்ளலாம். 10 முதல் 20 வரை கூடியிருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. பரவல்கள் பல நேரம் குறைவாகவே வெளுக்கும் என்பதால், இந்த உறுதியற்ற எல்லையில் விழுவது அவற்றுக்குப் புதிதல்ல.

அளக்கும் வட்டம் கட்டியின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிறைக்க வேண்டும், விளிம்பைத் தொடக்கூடாது. முன் படத்திலும் பின் படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் வைக்க வேண்டும். இரண்டு படங்களும் ஒரே கிலோவோல்ட்டில் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தில்) எடுக்கப்பட்டவையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பெருங்குடல் புற்றுக்கு அறுவை முடிந்து ஓராண்டு ஆன ஒரு பெண்மணிக்கு, வலது சிறுநீரகத்தின் நடுவில், கார்டெக்ஸுக்குள் முழுவதும் புதைந்த 8 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று இருந்தது. முன் படத்தில் 14, பின் படத்தில் 31. பதினேழு அலகு கூடியிருக்கிறது, முன்பு புற்று இருந்தவர் என்ற இரண்டையும் சேர்த்து, "பரவலாக இருக்கக்கூடும்" என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது வெறும் நீர்க்கட்டி. சுற்றிலும் கடுமையாக வெளுத்த சிறுநீரகத் திசுவுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான நீர்க்கட்டி மாட்டிக்கொண்டால், இயந்திரம் செய்யும் கணக்குத் திருத்தத்தால் அதன் அடர்த்தி பொய்யாகக் கூடிக் காட்டும். போலி வெளுப்பு என்று படித்ததுதான். முன் படத்தில் இருந்த 14 என்ற எண்ணே நீர்க்கட்டி என்று சொல்லிக்கொண்டிருந்ததும் தெரிந்ததுதான். அந்த ஒரு வாரம் அவர் வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

வடிவம்: பந்தா, அவரையா

சிறுநீரகக் கட்டிகளை இரண்டு வடிவமாகப் பிரிப்பது பழைய வழக்கம், இன்றும் உதவுகிற வழக்கம். பந்து வகை உருண்டையாக வளர்ந்து, சிறுநீரகத்தின் வெளிக்கோட்டைத் தள்ளிப் புடைத்து நிற்கும். சிறுநீரகத்திலேயே தோன்றும் புற்று பெரும்பாலும் இப்படித்தான். அவரை வகை இருக்கும் திசுவுக்குள்ளேயே ஊடுருவிப் பரவும். சிறுநீரகம் பெரிதாகலாம், ஆனால் அதன் அவரைக்கொட்டை வடிவம் மாறாது, எல்லை தெளிவாக இருக்காது. பரவிய புற்றுகள் பல இந்த இரண்டாம் வகையில் சேரும். சில ஆப்பு வடிவத்தில், கார்டெக்ஸின் வெளி ஓரத்தை அடியாகக் கொண்டு தெரியும்.

ஆனால் விதியை நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது. பெருங்குடல் புற்றின் பரவல் ஒற்றையாக, பெரிதாக, வெளியே புடைத்து, சிறுநீரகப் புற்றைப் போலவே நின்று ஏமாற்றும். தைராய்டின் பரவல் ஒற்றையாகவும் ரத்த ஓட்டம் மிகுந்ததாகவும் வரலாம். மெலனோமா சிறுநீரகத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள கொழுப்பிலும் முடிச்சு முடிச்சாக உட்காரும். அந்தக் கொழுப்பில் முடிச்சுகளைக் கண்டால் மெலனோமா, நுரையீரல், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) என்று மூன்றையும் நினைக்க வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றித் திடீரென ரத்தம் கட்டியிருந்தால், அடியில் மெலனோமாவோ கோரியோகார்சினோமாவோ (நஞ்சுக்கொடி வகைச் செல்களில் தோன்றும் புற்று) இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்று மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: சிறுநீரகச் சிரைக்குள்ளோ அதைத் தாண்டிக் கீழ்ப்பெருஞ்சிரைக்குள்ளோ கட்டி புகுந்திருந்தால், அது அங்கேயே தோன்றிய புற்று என்பதற்கே வாய்ப்பு அதிகம். பரவிய கட்டி அப்படிச் செய்வது அரிது.

ஏமாற்றும் மற்ற நோய்கள்

என் பட்டியலில் முதலில் இருப்பது சிறுநீரக இன்ஃபார்க்ட், அதாவது ரத்தநாளம் அடைத்து ஒரு துண்டுத் திசு செத்துப்போவது. அதுவும் ஆப்பு வடிவம், அதுவும் கார்டெக்ஸ், பல நேரம் இரு பக்கமும். புற்றுநோயே ரத்தத்தை உறைய வைக்கும் இயல்புடையது; குறிப்பாக நுரையீரல், கணையப் புற்றுகளில் இதய வால்வில் கிருமியில்லாத உறைவு படிந்து அங்கிருந்து துணுக்குகள் கிளம்புவது உண்டு. அதனால் புற்றுநோயாளிக்கு ஆப்பு வடிவத்தில் கறுத்த இடம் தெரிந்தால் இரண்டில் எது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கான்ட்ராஸ்டே ஏறாமல் முழுக்கக் கறுத்து, நேர்கோட்டில் வெட்டியதுபோல் இருந்தால் இன்ஃபார்க்ட் பக்கம் சாயலாம். வெளியுறையை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் பிழைத்து நிற்குமானால் சந்தேகம் இன்னும் குறையும், ஆனால் அடைப்பு ஏற்பட்டவுடனே எடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லாமலும் இருக்கலாம். மண்ணீரலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்; அங்கும் ஆப்பு வடிவம் இருந்தால் துணுக்கு கிளம்பியிருக்கிறது. சில வாரங்களில் அந்த இடம் சுருங்கித் தழும்பாகும். பரவல் சிகிச்சை இல்லாமல் அப்படிச் சுருங்காது.

காய்ச்சலும் சிறுநீரில் சீழ்ச்செல்லும் இருந்து, கோடு கோடாகக் கறுத்திருந்தால் கிருமித்தொற்று. கீமோவில் இருப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் காய்ச்சல் தெளிவாக இல்லாமலே தொற்று இருக்கலாம். நம் நாட்டில் காசநோயையும் மறக்கக்கூடாது: கேலிக்ஸ்களின் (சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற அறைகளின்) வடிவம் சிதைந்து, அவற்றின் கழுத்துப் பகுதி குறுகி, ஆங்காங்கே சுண்ணாம்பு படிந்திருந்தால் அது பரவல்போல் நடந்துகொள்வதில்லை. முதுகெலும்புக்கோ இரைப்பைப் பகுதிக்கோ கதிர் சிகிச்சை பெற்றவருக்கு, கதிர் விழுந்த எல்லைக்கு நேராக இடது மேல்முனை மங்குவதும் உண்டு; சிகிச்சைத் திட்டத்தின் படத்தை வாங்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்புப் புரதம் தொடர்பான நோயும் இரு சிறுநீரகங்களிலும் இதே தோற்றத்தைத் தரும்; கணையம் தடித்து இயல்பான மடிப்புகள் மறைந்திருந்தால் அதை நினைக்கலாம்.

லிம்ஃபோமாவைப் பிரிப்பதுதான் உண்மையில் கடினம். பல இடங்கள், இரு பக்கம், குறைவான வெளுப்பு என எல்லாமே பரவலைப் போலத்தான். ஆனால் உள்ளே ஒரே சீராக இருக்கும். பெரிதாக வளர்ந்தும் ரத்தக்குழாயை நெரிக்காமல் சுற்றிக்கொள்ளும். பெருநாடியை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கும். சிகிச்சையே முற்றிலும் வேறு என்பதால், இந்தச் சந்தேகம் வந்தால் திசு எடுக்காமல் மேலே போகக்கூடாது.

பழைய படமும் நோயின் நிலையும்

இதுவரை சொன்ன தோற்றங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது பழைய சி.டி. படம்தான். அறிக்கையை அல்ல, அந்தப் படத்தையே வாங்க வேண்டும். நோயாளி வேறு ஊரில் எடுத்திருந்தால் அந்தப் படத்தை வீட்டில் யாராவது பீரோவில் வைத்திருப்பார்கள்; கேட்டால் கொண்டுவந்து தருவார்கள், நாம்தான் கேட்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முன்பே அதே இடத்தில் அதே அளவில் இருந்தது பரவல் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் சுத்தமாக இருந்த இடத்தில் இன்று 15 மில்லிமீட்டர் கட்டி என்றால், சிறுநீரகத்தில் தோன்றும் புற்று பொதுவாக அவ்வளவு வேகமாக வளர்வதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது முதன்மைப் புற்றின் நிலை. கல்லீரல், எலும்பு, அட்ரீனல் என்று நோய் பெருகிக்கொண்டிருக்கும்போது இரு சிறுநீரகங்களிலும் பல புதிய இடங்கள் தெரிந்தால், பரவல் என்று எழுதலாம்; அதற்கு ஊசியால் திசு எடுக்க வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் இருக்காது. புற்று அடங்கி ஆண்டுகள் ஆன ஒருவருக்கு ஒற்றைக் கட்டி தெரிந்தால், அது சிறுநீரகத்திலேயே தோன்றிய புதிய புற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதை முழுமையாகக் குணப்படுத்தவும் முடியும். அந்த நோயாளியின் அறிக்கையில் "பரவல்" என்று எழுதிவிட்டால் அறுவைக்குப் போக வேண்டியவர் கீமோவுக்குப் போய்விடுவார்.

ஊசியால் திசு எடுப்பது

ஒற்றைக் கட்டி, முடிவு சிகிச்சையை மாற்றும் என்ற நிலையில் திசுச்சோதனைதான் வழி. 17 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) வெளி ஊசி வழியாக 18 கேஜ் ஊசியால் இரண்டு மூன்று திசுத்துண்டுகள் எடுக்க வேண்டும். நடுவில் அழுகிய பகுதியை விட்டு ஓரத்தில் எடுப்பது நல்லது. உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசியோடு நின்றுவிட்டால் பத்தாலஜி மருத்துவர் சாயச் சோதனைகள் செய்யப் பொருள் போதாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், ரத்தம் உறையும் தன்மையும் தட்டணுக்களும் பார்த்திருக்க வேண்டும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறாரா என்று நோயாளியிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். கட்டி பெல்விஸை மையமாகக் கொண்டிருந்தால், யூரோத்தீலியப் புற்று (சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் தோன்றும் புற்று) ஊசித் தடத்தில் சிந்தும் என்ற அச்சம் இருப்பதால், முதலில் சிறுநீர்ச் செல் சோதனையும் யூரிட்டரோஸ்கோப்பியும்தான் (சிறுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது).

கோரிக்கைத் தாளில் முதன்மைப் புற்று எது என்று தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். சாயச் சோதனையில் தெரியும் புரதங்களில் பாக்ஸ்-8 சிறுநீரகத்தையும், டி.டி.எஃப்-1 நுரையீரலையும், சி.டி.எக்ஸ்-2 பெருங்குடலையும், காட்டா-3 மார்பகத்தையும் சுட்டும். தைராய்டில் பாக்ஸ்-8, டி.டி.எஃப்-1 இரண்டும் வரும் என்பதால் வரலாறு தெரியாதவர் தடுமாறுவார். சிறுநீரகப் புற்றுக்குள்ளேயே நுரையீரல் புற்று பரவிக் குடியிருப்பதும் நடக்கும், அரிதென்றாலும்.

அறிக்கையில் எழுத வேண்டியது

எத்தனை இடங்கள், எந்தப் பக்கம், பெரியதின் அளவு, முன் பின் அடர்த்தி, சிரை, சுற்றுக் கொழுப்பு, மற்றச் சிறுநீரகம், பழைய படத்தோடு ஒப்பீடு ஆகியவற்றை எழுதிவிட்டு, பிறகுதான் கருத்து. சிகிச்சைக்கு எப்படி இணங்குகிறது என்று அளக்க ரெசிஸ்ட் 1.1 என்னும் சர்வதேச அளவீட்டு முறையில் கட்டி 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் தேர்ந்தெடுக்கக்கூடாது. ஊடுருவிப் பரவும் வகையின் விளிம்பை ஆளுக்கு ஒரு இடத்தில் வைப்பார்கள் என்பதால், கல்லீரலிலோ நுரையீரலிலோ தெளிவான கட்டி இருக்கும்போது சிறுநீரகத்தை அளவுக்கு எடுக்காமல், வெறுமனே குறிப்பிட்டு விடுவதே என் வழக்கம்.

தொடக்கத்தில் சொன்ன 11 மில்லிமீட்டர் இடத்துக்கு வருவோம். பழைய படத்தை வாங்கிப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படம் மெடுல்லா கறுத்திருந்த நேரத்தில் எடுக்கப்பட்டது. மண்ணீரல் இயல்பாக இருந்தது, காய்ச்சல் இல்லை, நுரையீரல் கட்டி மருந்துக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. "இடது சிறுநீரகக் கார்டெக்ஸில் 11 மி.மீ. அளவில், குறைவாக வெளுக்கும், எல்லை தெளிவற்ற புதிய இடம், பரவல், இன்ஃபார்க்ட் இரண்டும் சாத்தியம், ஆறு வாரத்தில் கான்ட்ராஸ்டுக்கு முன்னும் 100-ஆம் நொடியிலும் படம் எடுத்து ஒப்பிடவும்" என்று எழுதினோம். ஆறு வாரத்தில் அந்த இடம் 5 மில்லிமீட்டராகச் சுருங்கி, வெளிக்கோடு அங்கே குழி விழுந்திருந்தது. அடுத்த அறிக்கையில் "தழும்பு" என்று எழுதி, இதயத்துக்கு எக்கோ பார்க்கச் சொன்னோம்.